நார்ஸ் வழியா, கெல்டிக் வழியா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஞானத்துக்காக ஒரு கண்ணையே விலையாகக் கொடுத்த ஓடின் சிலரை விடாமல் பிடித்துவைத்திருப்பார். கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லுலைக்கும் உரிய பிரிஜிட் வேறு சிலரை. இன்னும் சிலர் மரபணுச் சோதனை முடிவைக் கொண்டுவந்து, இதில் அயர்லாந்து இத்தனை விழுக்காடு, ஸ்காண்டிநேவியா இத்தனை விழுக்காடு, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பார்கள். தெய்வத்தின் ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உண்மையானது. ஆனால் ஒரு வழியில் முதல் அடி வைக்கத்தான் அது போதும். பத்து ஆண்டுகள் அதில் நடக்க வேறு சிலவும் வேண்டும்.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டுமே அறுந்த மரபுகள். அயர்லாந்தில் கிறிஸ்தவம் 5ஆம் நூற்றாண்டிலேயே வேர் பிடித்தது. இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் நாட்டின் கெல்டியர்களை அதற்கு முன்பே ரோம் விழுங்கியிருந்தது. ஸ்காண்டிநேவியா 10ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டுக்குள் மாறியது. இன்று இந்த இரண்டு பெயர்களிலும் நடக்கும் வழிபாடுகள், மிச்சம் மீதியைக் கொண்டு அண்மைக் காலத்தில் மறுபடி கட்டப்பட்டவை. எங்கள் குடும்பத்தில் ஆயிரம் ஆண்டுகளாக ரகசியமாகக் காத்துவந்தோம் என்று ஒரு குரு சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபடி கட்டியது என்பதால் பொய் என்று ஆகிவிடாது. எது மிஞ்சியது, எது போயிற்று, போனதை யார் எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பதில்தான் இரண்டு வழிகளும் வேறுபடுகின்றன. எந்த இழப்போடு உங்களால் நேர்மையாக வாழ முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் ஆலோசனை.

நார்ஸ் பக்கம் மிஞ்சியது: சொல்

வடக்கே சொற்கள் தப்பித்தன. தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய நார்ஸ் மொழியின் அவைக்கவிதை ஒரு பொருளை நேராகப் பெயர் சொல்லாமல் புராணக் குறிப்பால் சுட்டும். தெய்வக் கதை தெரியாதவனுக்குக் கவிதை புரியாது, எழுதவும் வராது. ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் கிறிஸ்தவர், அரசியல்வாதி. இளம் கவிஞர்கள் கதைகளை மறந்துவருகிறார்களே என்ற கவலையில் 1220 வாக்கில் உரைநடை எட்டாவை எழுதினார். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய நாடு மதம் மாறியிருந்தது. மதமாற்றமும் போரின்றி, திங்வெட்லிர் சமவெளியில் கூடிய மக்கள் மன்றத்தில் நடந்தது. மன்றத்தின் சட்டம் உரைப்பவரான தோர்கெய்ர் பழைய மதத்தவர். அவர் போர்வைக்குள் படுத்து நெடுநேரம் யோசித்தபின் எழுந்து, நாடு ஒரே சட்டத்தின் கீழ் கிறிஸ்தவத்தை ஏற்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னதாக ஐஸ்லாந்தின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. வீட்டுக்குள் மறைவாகப் பலியிடச் சில காலம் அனுமதியும் இருந்தது. இப்படி மெல்ல மாறிய மண்ணில் கதைகளை வெறுக்க வேண்டிய தேவை குறைவு. அதனால் அவை பிழைத்தன.

கவிதை எட்டா எனப்படும் தெய்வப் பாடல்களின் முக்கியமான ஏடு 1270களில் எழுதப்பட்டது. டென்மார்க் அரசரிடம் போய்ச் சேர்ந்த அந்த ஏடு 1971இல்தான் ரேக்யவீக் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1972இல், கோடைக்கால முதல் நாளன்று ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயி நண்பர்களைக் கூட்டி ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கினார். பழைய சந்தப்பாட்டுகளைப் பாடுவதில் பேர்போன கவிஞர் அவர். 1973இல் அரசு அதை மதமாக ஏற்றது. இன்று ஐஸ்லாந்தில் திருமணம், பெயர்சூட்டல், ஈமச்சடங்கு எல்லாவற்றையும் சட்டப்படி நடத்தும் உரிமை அதற்கு இருக்கிறது. உறுப்பினர்கள் 5,000க்கு மேல்.

ஆக, நார்ஸ் வழியில் நுழைகிறவருக்கு உலகின் தோற்றமும் முடிவும், தெய்வங்களின் உறவும் பகையும், அன்றாட ஒழுக்கம் பற்றிய பாடலும் கிடைக்கின்றன. ஹவாமால் என்ற அந்த ஒழுக்கப் பாடல் விருந்தோம்பல், அளவான குடி, நண்பனிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பேசுகிறது. இங்கே கிடைக்காதது சடங்கு. ஒரு சாதாரணக் குடும்பம் காலையில் எழுந்து என்ன செய்தது, தோருக்கு எந்தச் சொற்களால் வேண்டியது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பலியின் ரத்தத்தைக் குச்சிக் கற்றையால் தெளித்தார்கள், இறைச்சியை வேகவைத்துப் பகிர்ந்தார்கள், ஓடினுக்கும் ஞோர்டுக்கும் ஃப்ரெய்க்கும் கோப்பை உயர்த்தினார்கள் என்று ஸ்நோரி சொல்கிறார். சொல்வது நடந்து 200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. சுவீடனின் உப்சாலாக் கோயிலை விவரித்த ஆடம் ஆஃப் பிரேமன் அதைத் தன் கண்ணால் பார்த்தவர் அல்லர்.

எனவே ப்ளோட் என்ற இன்றைய பொது வழிபாட்டுச் சடங்கு பெரிதும் புதிய அமைப்பு. திறந்த வெளியில் வட்டமாக நிற்பார்கள், தீ மூட்டுவார்கள், தெய்வங்களையும் நிலத்தின் காவல் ஆவிகளையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். தேன்மது நிரம்பிய கொம்பு கைமாறும், கொஞ்சம் மண்ணில் ஊற்றப்படும். ஐஸ்லாந்துச் சங்கம் விலங்குப் பலி கொடுப்பதில்லை. மது அருந்தாதவர்களுக்கு ஆப்பிள் சாறோ தண்ணீரோ பல குழுக்களில் இயல்பாகவே உண்டு. சும்பல் என்ற இன்னொரு கூட்டம் இருக்கிறது. கொம்பு மூன்று சுற்று வரும்: பெரும்பாலும் முதல் சுற்று தெய்வங்களுக்கு, அடுத்தது முன்னோருக்கு, மூன்றாவதில் அவரவர் செய்ததையும் செய்யப்போவதையும் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். அங்கே சொன்ன வார்த்தையை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்வார்கள். யோசிக்காமல் பேசுகிறவர்கள் முதல் சில கூட்டங்களில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது நல்லது.

இந்த வழியினர் தங்கள் மதத்தை வீட்டுப்பாடம் உள்ள மதம் என்று சொல்லிக்கொள்வார்கள். அது வெறும் பேச்சில்லை. ஒரு கருத்தைச் சொன்னால் எந்தப் பாடலில் இருக்கிறது என்று அடுத்த நொடி கேட்பார்கள். மூலத்தில் இல்லாத சொந்த அனுபவத்துக்கு யுபிஜி என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை நீங்கள் உணரலாம், ஆனால் அதை மற்றவர் மேல் சுமத்தக் கூடாது. நூல்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கும், சத்தியத்துக்குக் கட்டுப்படப் பிடிக்கும், நாலு பேரோடு சேர்ந்து உண்டு குடித்து வழிபடப் பிடிக்கும் என்றால் இங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது. சடங்கைக் கண்ணை மூடிக்கொண்டு மரபின் கையில் ஒப்படைக்க விரும்புகிறவருக்கு இது ஏமாற்றம் தரும். ஒப்படைக்க அங்கே அத்தகைய சடங்கு இல்லை.

கெல்டிக் பக்கம் மிஞ்சியது: இடமும் நாளும்

கெல்டிக் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வேறு வேறு நாடுகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் சாய்கிறவர்கள் உடனே இன்னொரு முறை தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: அயர்லாந்தா, வேல்ஸா, ஸ்காட்லாந்தின் மலைநாடா, பழைய காலா? கால் நாட்டில் கெர்னுன்னோஸ், எபோனா போன்ற தெய்வங்களின் சிலைகளும் கல்வெட்டுப் பெயர்களும் ஏராளம். அவற்றுக்கான கதை ஒன்றுகூட இல்லை. அயர்லாந்தில் அதற்கு நேர்மாறு. கதைகள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எழுதியவர்கள் துறவி மடத்தார். அவர்கள் தெய்வங்களான தாக்டாவையும் லூவையும் மோரிகனையும் பழங்காலத்தில் தீவை ஆண்ட ஓர் இனமாக மாற்றி, அந்த வரலாற்றை நோவாவின் வம்சத்தோடு முடிச்சுப் போட்டார்கள். வேல்ஸின் மபினோகிக் கதைகளில் யாரும் தெய்வம் என்று அழைக்கப்படுவதே இல்லை. ரியானன் ஒரு கதையின் அரசி. அவளைத் தெய்வமாக வணங்குவது நம் காலத்தவர் எடுத்த முடிவு.

பண்டைக் கெல்டியரின் குருமாரான ட்ரூயிட்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம். அவர்களின் கல்வி 20 ஆண்டுகள்வரை நீளும், பாடத்தை எழுத்தில் வைக்க மாட்டார்கள் என்று சீசர் எழுதினார். வெள்ளை உடை, பொன் அரிவாள், ஓக் மரத்துப் புல்லுருவி என்று இன்று எல்லா ஓவியங்களிலும் வரும் காட்சி முழுவதும் ரோமானிய எழுத்தாளர் பிளினியின் ஒரே பத்தியிலிருந்து வந்தது. பொ.ஆ. 60 வாக்கில் ரோமானியப் படை வேல்ஸின் ஆங்கிள்சி தீவைத் தாக்கி அவர்களின் புனிதத் தோப்புகளை வெட்டியது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சையும் அயர்லாந்தின் நியூகிரேஞ்சையும் ட்ரூயிட்கள் கட்டியதாகச் சொல்லும் நூல்களை ஒதுக்குங்கள். நியூகிரேஞ்ச் ஏறத்தாழ 5,200 ஆண்டுகள் பழமையானது. அது எழுந்த காலத்தில் ட்ரூயிட்கள் என்று யாரும் இருந்ததற்குச் சான்று இல்லை.

இத்தனை இழந்த பின்னும் இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு செல்வம் வடக்கில் அந்த அளவுக்கு இல்லை. நிலத்தோடும் நாளோடும் ஒட்டிய மக்கள் வழக்கங்கள் கிறிஸ்தவப் பெயரில் தொடர்ந்து வந்திருக்கின்றன. ஜனவரி 31 இரவு அயர்லாந்தில் ஒரு துணியை வீட்டுக்கு வெளியே வைப்பார்கள். பிரிஜிட் அந்த இரவில் நாடு சுற்றும்போது அதைத் தொட்டு ஆசி தருவாள், பிறகு அது ஆண்டு முழுதும் தலைவலிக்கும் பிரசவத்துக்கும் உதவும். மறுநாளுக்காகக் கோரைப்புல்லில் சிலுவை முடைவார்கள். அந்த நாள் புனித பிரிஜிட்டின் திருநாளும் ஆகும், இம்போல்க் பருவத் தொடக்கமும் ஆகும். புனிதையும் தெய்வமும் எங்கே பிரிகிறார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கில்டேரில் அவள் பெயரில் எரிந்து அணைந்துபோன தீயை 1993இல் கன்னியர் மடத்துச் சகோதரிகளே மறுபடி ஏற்றினார்கள். 2023 முதல் பிரிஜிட்டின் பெயரில் நாட்டில் ஒரு பொது விடுமுறையும் உண்டு. ஜூலை கடைசி ஞாயிறன்று க்ரோ பேட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. அந்த நாள் அறுவடைத் தொடக்க விழாவான லூனசாவை ஒட்டியே வருகிறது. ஊர்தோறும் புனிதக் கிணறுகள் இருக்கின்றன, அவற்றை வலமாகச் சுற்றும் வழக்கமும் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் தீவுகளிலும் அலெக்சாண்டர் கார்மைக்கல் சேகரித்து 1900இல் வெளியிட்ட கேலிக் வேண்டுதல்களில், இரவில் அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடும்போது சொல்லவே தனி வாசகங்கள் உண்டு.

இவற்றைக் காப்பாற்றிவந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்ட்டுகளும்தான். அவர்களிடம் போய் நீங்கள் செய்வது உண்மையில் பேகன் சடங்கு என்று சொல்வது அநாகரிகம். கிணற்றங்கரையில் ஜெபமாலை உருட்டும் மூதாட்டிக்குப் பின்னால் அமைதியாக நின்று உங்கள் முறை வரக் காத்திருங்கள்.

ட்ரூயிட் சங்கமும் மறுகட்டமைப்பாரும்

கெல்டிக் வழிக்குள் இரண்டு வாசல்கள் உண்டு. இரண்டின் குணமும் வேறு.

ட்ரூயிட் வழி 18ஆம் நூற்றாண்டுக் கற்பனை இயக்கத்தில் பிறந்தது. வேல்ஸின் கல்தச்சர் எட்வர்ட் வில்லியம்ஸ், இயோலோ மோர்கன்னுக் என்ற புனைபெயரில், 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் பாணர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அதன் சடங்குகள் பண்டைக் காலத்தவை என்றார். பெரும்பகுதியை அவரே எழுதியிருந்தார் என்பது பின்னால் வெளிப்பட்டது. இன்றைய ட்ரூயிட் சங்கங்கள் இதை மறைப்பதில்லை. அவர் இயற்றிய வேண்டுதலை, அவர் இயற்றியது என்று தெரிந்தே, அழகுக்காகவும் அமைதிக்காகவும் சொல்கிறார்கள். ராஸ் நிக்கல்ஸ் 1964இல் தொடங்கிய பாணர், ஓவேட், ட்ரூயிட் சங்கம் இவற்றில் பெரியது. 1988க்குப் பிறகு அஞ்சல்வழிப் பாடமாகவே வளர்ந்தது. வீட்டிலிருந்து, உங்கள் வேகத்தில் படிக்கலாம். கிறிஸ்தவர்களும் எந்த மதமும் இல்லாதவர்களும் அதில் சேர்கிறார்கள், ஏனென்றால் அந்தச் சங்கம் ட்ரூயிட் வழியை மதம் என்று வற்புறுத்துவதில்லை. மரம், கவிதை, தியானம், எட்டுப் பருவ விழாக்கள் ஆகியவையே அதன் உடல். எட்டு விழாச் சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிக்கல்ஸும் அவர் நண்பர் ஜெரால்ட் கார்ட்னரும் சேர்ந்து உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. பண்டைய அயர்லாந்தின் விழாக்கள் சாவின், இம்போல்க், பெல்டேன், லூனசா என்ற நான்குதான்.

கெல்டிக் மறுகட்டமைப்பார் என்ற மற்றொரு கூட்டம் 1980களின் பிற்பகுதியில் உருவானது. ட்ரூயிட் சங்கங்களின் தாராளம் அவர்களுக்கு ஒத்துவராது. ஒரே நாட்டை எடுத்துக்கொள்வார்கள், அந்த நாட்டின் மொழியைக் கற்பார்கள், தொல்லியலையும் கதைகளையும் மக்கள் வழக்கத்தையும் ஒப்பிட்டுச் சடங்கு அமைப்பார்கள். ஐரிஷ், வெல்ஷ், கேலிக் மொழிகள் இன்றும் பேசப்படுபவை, அழிவோடு போராடிக்கொண்டிருப்பவை. அந்த மக்களின் தெய்வங்களை வணங்கிக்கொண்டு மொழியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாகவே பார்க்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள்.

முன்னோர் கணக்கு

இரத்தம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எந்தத் தெய்வமும் சான்றிதழ் கேட்டதாக எட்டாவிலும் இல்லை, ஐரிஷ் கதைகளிலும் இல்லை. ஐஸ்லாந்தின் முதல் குடியேறிகளில் பெண்வழி மரபணுவின் பெரும்பகுதி பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்களோ பெரும்பாலும் நார்வேயிலிருந்து வந்தவர்கள். வைக்கிங் மரபின் உச்சம் என்று போற்றப்படும் மண்ணிலேயே தாய்மார் பலர் கேலிக் மொழி பேசியவர்கள். விழுக்காட்டை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கிளம்பினால் அந்த மண்ணே அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. ஆஸ்லோவிலோ டப்ளினிலோ குடியேறிய தமிழருக்கும் இதே பதில்தான். நீங்கள் மிதிக்கும் மண்ணின் ஆவிகளோடு நல்லுறவு கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆனால் நார்ஸ் பக்கத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, அதை அறியாமல் உள்ளே போகக் கூடாது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் குய்டோ ஃபான் லிஸ்ட், வடக்கின் பழைய எழுத்துகளான ரூன்களை இனப் பெருமையோடு இணைத்தார். பிறகு நாஜிகளின் எஸ்எஸ் படை அவற்றைச் சீருடையில் அணிந்தது. இன்றும் வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் என்று சொல்லும் குழுக்கள் உண்டு. அவை வெளிப்படையாக வெறுப்பைப் பேசுவதில்லை. நம் மக்கள், நம் குருதி, குடும்ப மதிப்பு என்று இனிமையாகத் தொடங்கும். 2016இல் ஹீதன் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பல நாட்டு நார்ஸ் அமைப்புகள் அப்படிப்பட்ட ஒரு குழுவோடு உறவை முறிக்கும் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்ற கருத்துள்ள ஹவாமால் பாடலின் எண்ணான 127தான் அந்தப் பிரகடனத்தின் பெயரிலும் இருக்கிறது. ஐஸ்லாந்துச் சங்கம் ஒருபால் இணையர்களுக்குத் திருமணம் நடத்திவைத்ததற்காக வெளிநாட்டு ஹீதன்கள் சிலர் அதற்கு வெறுப்புக் கடிதங்கள் எழுதினார்கள். சங்கம் பின்வாங்கவில்லை. கெல்டிக் பக்கமும் முற்றிலும் தூய்மையானது என்று சொல்ல முடியாது. வட்டத்துக்குள் சிலுவை என்ற அடையாளத்தை இனவெறியர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். தோரின் சுத்தியலைக் கழுத்தில் அணிவதாக இருந்தால், யாராவது சந்தேகத்தோடு பார்க்கும்போது பொறுமையாக விளக்கும் கடமையையும் சேர்த்து அணிகிறீர்கள்.

கடைச் சரக்கு

இரண்டு பக்கத்திலும் வாங்குவதற்கு நிறைய விற்கிறார்கள். பெட்டியில் வரும் 24 ரூன் கற்கள் வைக்கிங் காலத்துக்கு முந்தைய எழுத்துவரிசை. வைக்கிங்குகள் எழுதியது 16 எழுத்துகளில். கூடவே வரும் எழுத்தில்லாத வெற்றுக்கல் 1980களில் ரால்ஃப் பிளம் எழுதிய நூலோடு பரவிய புதுமை. கெல்டிக் மர ஜாதகமும் அப்படித்தான்: அதற்கு அடிப்படையான மர நாட்காட்டி 1948இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் தன் நூலில் கட்டியமைத்தது. அவர் அதற்கு எடுத்துக்கொண்ட ஓகம் உண்மையான எழுத்து, அயர்லாந்தின் நினைவுக் கற்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் மனிதர் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. கெல்டிக் மந்திரம் என்று தலைப்பிட்ட பல நூல்களைத் திறந்தால் நான்கு பூதங்கள், மந்திர வட்டம், மூவகைத் தேவி என்று விக்கா என்ற நவீன மாந்திரிக மதமே இருக்கும், பெயர்கள் மட்டும் ஐரிஷ். விக்கா மதிப்புக்குரிய வழி. அது வேண்டுமென்றால் அதையே நேராகக் கற்றுக்கொள்ளுங்கள்.

தொடங்க எதுவும் வாங்க வேண்டாம். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் போதும். இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு ஹில்டா எல்லிஸ் டேவிட்சன் 1988இல் எழுதிய ஆய்வைச் சொல்வேன். அது நார்ஸ், கெல்டிக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. அதற்கு மேல் படிப்பதை மூலக் கதைகளின் மொழிபெயர்ப்புகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்த்தல்

தேர்வு நடப்பது கையால் செய்யும்போது. அக்டோபரில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு மரபுகளிலும் குளிர்காலத்தின் வாசல் அப்போதுதான் திறக்கிறது. நார்ஸ் வழியில் அம்மாத நடுவில் குளிர்கால இரவுகள், கெல்டிக் வழியில் 31 அன்று சாவின். மனம் சாயும் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிப்ரவரி தொடக்கம்வரை அதை மட்டும் செய்யுங்கள். பிறகு மற்றதை அதே அளவு காலம்.

நார்ஸ் பக்கமாக இருந்தால்: வியாழக்கிழமை தோரின் நாள். வாரம் ஒரு முறை, அந்த மாலையில், ஒரு கோப்பையில் பால், பீர், தண்ணீர் எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். எதற்காக நன்றி சொல்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி, பாதியைக் குடித்து, மீதியை மண்ணில் ஊற்றுங்கள். தமிழில் சொல்லலாம், தயங்க வேண்டாம். இந்த வழியின் அடிப்படை கொடுக்கல் வாங்கல்: கொடை எதிர்க்கொடையை எதிர்பார்க்கும், அளவுக்கு மீறிய கொடை நட்பைக் கெடுக்கும். ஆகவே சிறிதாக, தவறாமல் கொடுங்கள். குளிர்காலச் சங்கிராந்தியில் யூல் வரும்போது இறந்த உறவினர்களுக்கும் ஓர் இலை போட்டு, அவர்களைப் பற்றி வீட்டாரோடு பேசுங்கள். ஒவ்வொரு வாரமும் எட்டாவிலிருந்து ஒரு பாடல் படியுங்கள். சத்தியம் எதுவும் செய்யாதீர்கள்.

கெல்டிக் பக்கமாக இருந்தால்: வீட்டுக்கு அருகில் நீர்நிலை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஓடையோ ஆறோ குளமோ, வாரம் ஒரு முறை அதே இடத்துக்குப் போங்கள். போகும்போதெல்லாம் கரையில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குங்கள், அதுவே காணிக்கை. மரத்தில் நைலான் நாடா கட்டாதீர்கள், பட்டைக்குள் நாணயம் அடிக்காதீர்கள், பழங்காலக் கல்லின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். இவை அந்த இடங்களைக் கொன்றுகொண்டிருக்கின்றன. இரவில் அடுப்பை அணைக்கும்போது வீட்டையும் அதில் தூங்குகிறவர்களையும் பாதுகாக்கும்படி இரண்டு வரி சொல்லுங்கள். சாவின் இரவில் ஒரு தட்டு அதிகம் வையுங்கள். பிரிஜிட்டின் இரவில் துணியை வெளியே போடுங்கள். வாரம் ஒரு கதை, அதோடு நீங்கள் எடுத்துக்கொண்ட மொழியில் ஐந்து சொற்கள்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். இரண்டு நாட்காட்டிகளும் இருளும் பனியும் உள்ள நிலத்துக்கானவை. பனி இல்லாத ஊரில் யூலைப் பாவனையாகச் செய்வதைவிட, உங்கள் ஊரின் முதல் மழையையும் அறுவடையையும் கவனித்து அந்த நாட்களில் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் பலர் சக்கரத்தையே ஆறு மாதம் திருப்பிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கனவில் காகம் வந்ததா, ஓநாய் வந்ததா என்று கணக்கெடுக்க வேண்டாம். அலுப்பான வாரத்தில், மழையில், உடம்பு முடியாதபோது எதைச் செய்யப் போனீர்கள் என்று பாருங்கள். எந்தக் கதை உங்களைக் கோபப்படுத்தியும் மறுபடி எடுத்துப் படிக்க வைத்தது? எந்த இழப்பு உங்களைத் தேடத் தூண்டியது, எது வெறும் வெறுமையாக நின்றது? சிலருக்குச் சடங்கில்லாத கதை போதும், மீதியைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். சிலருக்குக் கதை அறுந்த கிணறு போதும்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

வரலாறு தடுக்கவில்லை. டப்ளினை நகரமாக்கியவர்கள் வைக்கிங்குகள். மான் தீவின் ஆண்ட்ரியாஸ் தேவாலயத்தில் உள்ள பழைய கல்லில், தோளில் பறவையோடு நிற்கும் ஓடினின் காலை ஓநாய் விழுங்குகிறது. அந்தத் தீவின் சொந்த மொழியோ கேலிக். கொம்பு சூடிய தெய்வத்தின் புகழ்பெற்ற உருவம் உள்ள வெள்ளிக் கொப்பரை 1891இல் கிடைத்தது டென்மார்க்கின் கரிச் சதுப்பு நிலத்தில். ஐசக் போன்விட்ஸ் 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பில் நார்ஸ் தெய்வங்களை வணங்குவோரும் ஐரிஷ் தெய்வங்களை வணங்குவோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு அது ஏற்ற இடம்.

என் வரம்பு இது: ஒரே சடங்கில் கலக்காதீர்கள். தோரும் தாக்டாவும் ஒருவரே என்று சொல்லாதீர்கள். அயல்நாட்டுத் தெய்வங்களையெல்லாம் தங்கள் மெர்குரி, மார்ஸ் என்று ரோமானியர் பெயரிட்டதால்தான் கால் நாட்டுத் தெய்வங்கள் பலவற்றின் சொந்த முகம் நமக்குத் தெரியாமல் போயிற்று. நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள், இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு முழு ஆண்டாவது ஊறிய பின் மற்றதைச் சேர்ப்பது நல்லது.

குழுவிடம் போகும்போது

தனியாகவே இருக்கலாம். இரண்டு வழிகளிலும் தனித்து வழிபடுகிறவர்கள் மிகுதி. குழு வேண்டுமென்றால் முதலில் அவர்களின் பொது விழா ஒன்றுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். யாரெல்லாம் சேரலாம் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்தால் அதுவே பதில். எந்தச் சடங்கு எந்த மூலத்திலிருந்து வந்தது, எது தாங்கள் அமைத்தது என்று கேளுங்கள். நல்ல குழு இதைச் சொல்வதில் பெருமைப்படும். பணம் எவ்வளவு, எதற்கு? தலைவரை மாற்ற முடியுமா? விலகினவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? முதல் ஆண்டுக்குள் மோதிரத்தின் மேல் சத்தியம் கேட்கும் நார்ஸ் குழுவையும், முதல் சந்திப்பிலேயே ரகசியத் தீட்சை தரும் ட்ரூயிட் குழுவையும் தவிர்த்துவிடுங்கள்.

சோதனைக் காலம் முடிந்து ஒன்றை விடுவதாக முடிவெடுத்தால் அப்படியே காற்றில் விட்டுவிடாதீர்கள். வழக்கமாகக் கொடுத்த இடத்துக்கு ஒரு முறை போய், வழக்கமான காணிக்கையைக் கொடுத்து, இனி வர மாட்டேன், இதுவரை இருந்ததற்கு நன்றி என்று சொல்லுங்கள். வீட்டில் வைத்திருந்த மரத்தாலும் துணியாலும் ஆன பொருள்களை மண்ணில் புதைக்கலாம் அல்லது தீயில் இடலாம். புத்தகங்களை அடுத்துத் தேடுகிறவருக்குக் கொடுங்கள்.